நடுவானில் அடித்த போன்

புரட்டாசி, வியாழன் இரவு.

நோட்டே, சுகமா? உன்னை விட்டால் இதை யாரிடம் சொல்வேன்?

சார்ஜாவிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரம். நம்ம ஆவூரிலிருந்து கட்டுமாவடிக்கு மீன் வாங்க பஸ் மாறி மாறிப் போனாலும் அதே நாலு மணி நேரம்தான். இதைச் சொல்லி மகள் ஸ்டெல்லாவைச் சிரிக்க வைத்தேன். இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு மாப்பிள்ளை அருள் சார்ஜாவிலிருந்து போனில், "ஏறிட்டேன் மாமா, நாலு மணிக்கு வெளிய நில்லுங்க" என்றார்.

ரெண்டு மணிக்கே ஏர்போர்ட் வாசலில் நின்றோம். அவள் பொறுக்கமாட்டாமல் அவர் நம்பருக்கு அடித்தாள்.

"அப்பா, ரிங் போகுது."

"கிறுக்கி, கடலுக்கு மேல பறக்குற மனுசனுக்கு எப்படி ரிங் போகும்?"

"எடுத்துட்டாகப்பா. பேசல. மூச்சு மட்டும் கேக்குது."

உடனே அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. கடைசி ஆள் வரைக்கும் பார்த்தோம். மாப்பிள்ளை இல்லை. விசாரித்தால், அப்படி ஒரு ஆள் ஏறவே இல்லை என்கிறார்கள். ஏறிட்டேன் என்று சொன்னது அவர் குரல்தான். அப்படிச் சொல்லச் சொல்லிப் பக்கத்தில் யாராவது...

வீடு திரும்பி இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஸ்டெல்லா கூப்பிடுகிறாள். "அப்பா, ஓடியாங்க! அவுக நம்பர்தான், ஆனா பேசுறது வேற ஆளு. ஒங்களைத்தான் கேக்குறாங்க."

போகிறேன். கர்த்தரே, அவரை மட்டும்...