முள் முளைத்த சிவப்பணுக்கள்

மன்சூரா,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி ரவூஃபுக்கு அக்கா நக்லாவின் ஸலாம். மஸ்கட்டில் நீயும் மனைவி மக்களும் சுகம்தானே? இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

"கொலஸ்ட்ராலா? ஹம்திய நெய்ய நிறுத்தச் சொல்லுக்கா, சரியாப்போயிடும்" என்று அன்று சிரித்தாய். நம் சின்னத் தம்பி நெய்யைத் தொட்டு ஒரு வருடமாகிறது. ஈரல் கெட்டுப்போனதால் அந்தக் கொழுப்பு சிவப்பணுக்களின் தோலில் போய் ஏறுகிறது. தோல் விறைத்து முள் முளைக்கிறது. புது ரொட்டி மடங்கும், காய்ந்தது நொறுங்கும் இல்லையா? மண்ணீரலின் இடுக்குகளில் வளைந்து நுழைய வேண்டிய அணு, வளைய முடியாமல் அங்கேயே உடைகிறது. அவன் உடம்பில் இரத்தம் தங்குவதேயில்லை.

ஒன்றை மறைக்க மாட்டேன். அந்த முட்களை முதலில் பார்த்தவள் நான்தான். ரமலானுக்கு முன்பு வீட்டிலேயே அவனுக்கு இரத்தம் எடுத்து, வெயிலில் ஒன்றரை மணி நேரம் மைக்ரோபஸ்ஸில் நான் வேலை பார்க்கும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். எடுத்து நேரமான இரத்தத்தில் அணுக்கள் முள்முள்ளாகத் தெரிவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். வெயிலில் கெட்டுவிட்டது என்று கண்ணாடித் தகட்டைத் தூக்கி எறிந்தேன். இருபத்திரண்டு வருடச் சர்வீஸ் திமிர், யாரிடமும் காட்டவில்லை. மறுபடி எடுக்கப் போனால், "பெருநாள் முடியட்டும்க்கா, சும்மா குத்திக்கிட்டே இருக்காதே" என்றான். நானும் விட்டுவிட்டேன். ஆறு வாரம் போயிற்று. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இப்போது இரத்தம் ஏற்றுகிறோம். என் ஆய்வகத் தோழிகள் கொடுத்தார்கள், நல்ல வழவழப்பான அணுக்கள். சில நாளில் அவற்றிலும் அதே கொழுப்பு ஏறி அதே முள். "இது ஓட்டைப் பானையில தண்ணி ஊத்துற வேலைம்மா. வேற ஈரல் வைக்கணும், கூடப்பொறந்தவங்க யாராவது பாதி குடுக்கணும்" என்றார் டாக்டர். நான்கு நாளைக்கு முன்பு என்னைச் சோதித்தார்கள். எப்போதோ வந்த மஞ்சள் காமாலை என் ஈரலையும் தின்றிருக்கிறது, ஆகாது என்றுவிட்டார்கள்.

"ரவூஃபுக்கு மட்டும் எழுதாதே. மூணு புள்ளக்காரன், வயித்தக் கிழிச்சுக்கிட்டு எப்படி வேலைக்குப் போவான்" என்று ஹம்தி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். அதை மீறித்தான் எழுதுகிறேன். உன் மனைவி என்னைச் சபிப்பாள், அவள் பக்கமும் நியாயம் உண்டு. நீ மறுத்தாலும் என் தம்பிதான். ஆனால் பதிலை மட்டும் தள்ளிப்போடாதே.

"இறைவன் உன் உடம்பில் ஒரு குறையும் வைக்காமல் காப்பானாக." ஒவ்வொரு தொழுகையிலும் உனக்காக இதைத்தான் கேட்டு வந்தேன். நான்கு நாளாக இதைக் கேட்க முடியவில்லை, என்னை மன்னித்துவிடு.

உன் அக்கா,
நக்லா