மறுமொழி தராத புன்னைமரம்

வளம் பொலிக. மழை பிழையாது பொழியும் ஏழ்மலைக் கானகத்துக்கும், அதன் அருவிகள் சென்று கலக்கும் கீழைத்துறைக்கும் தலைவியாய்ச் செங்கோல் கோடாது வீற்றிருந்தருளும் பெருந்தேவி மாதங்கையார் திருவாய் மொழிந்தருள, அவ்வண்ணமே எழுதப்பெற்ற ஓலை.

கீழைத்துறைக் காவலரும், முப்பது ஆண்டு கலஞ்செலுத்தி ஒரு கலமும் இழவாதவருமாகிய வெண்சாத்தனார் கண்டு தெளிக. உம் துறையில் அலை தணிக. உப்பும் மீனும் பெருகுக. தலைப்பிள்ளைப் பேற்றுக்காக உம் மனைக்கு வந்திருக்கும் உம் மகள் நற்பொழுதில் நலமே ஈன்று எழுக.

உம் ஓலை மூன்று நாளைக்கு முன்பு வந்தது. புதுக்கலத்தின் பாய்மரத்துக்கெனத் தேர்ந்த நெடும்புன்னையை வெட்டவிடாமல், மரங்கேட்பாளாகிய ஏறன் மகள் கொற்றி, அதன்மேல் தானே இட்ட சங்கு இலச்சினையைச் சுரண்டி அழித்தனள் என்றும், அரச இலச்சினையை அழித்தவர் வலக்கைப் பெருவிரலை இழக்க வேண்டும் என்னும் பழைய முறைமை அவளுக்கும் உரியது என்றும், பருவக்காற்று எழ இருபது நாளே உள்ளது என்றும் எழுதியிருந்தீர். தேவியார் கொற்றியையும், மரம் வெட்டச் சென்ற கோடரிக்காரர் நால்வரையும் அவைக்கு அழைத்து, நடந்ததை நடந்தவாறே கேட்டருளினர்.

கானகத்து வழக்கத்தைக் கடலருகே பிறந்த உமக்கு ஒருமுறை சொல்லுதல் தகும். வெட்டுவதற்கு முன், மரங்கேட்பாள் கோடரியின் மழுங்கிய பின்புறத்தால் அடிமரத்தை மூன்று முறை தட்டுவள். குடியிருக்கும் பறவையோ அணிலோ குரலெழுப்பினால் அவ்வாண்டு அம்மரம் தப்பும். நிழல் ஒரு முழம் நகரும்வரை மறுமொழி வாராவிடின், மரம் இசைந்தது என்று கொண்டு செங்காவி தோய்த்த இலச்சினையைப் பதிப்பள். கொற்றி இருபத்தோராண்டாக இதனையே செய்துவருகின்றனள்.

அன்றும் தட்டினள். ஒன்றும் கூவவில்லை. நிழல் நகர்ந்தது, இலச்சினையைப் பதித்தனள். கருவிகளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்தபோது, தாழ்ந்த கிளையில் ஓர் இலை மட்டும் மூச்சு விட்டது.

உடும்பென்றால் பாறையிடுக்கில் கிடக்கும் மண்ணிற உடும்பையே நீர் கண்டிருப்பீர். இது மரத்திலேயே பிறந்து மரத்திலேயே முடியும் பச்சையுடும்பு; தளிரின் நிறமும், முதுகின் குறுக்கே மைக்கோடுகளும், கொம்பை ஐந்தாம் கையெனச் சுற்றிப் பிடிக்கும் வாலும் உடையது. அச்சம் வந்தால் இது கத்தாது. பிடித்த கொம்பை இன்னும் இறுகப் பிடித்து, இலையோடு இலையாய் அடங்கிவிடும்.

கொற்றி ஏறினள். கிளை பிரியுமிடத்தில் பானை அளவில் ஒரு கறையான் கூடும், அதன் பக்கத்தில் புதிதாய் அகழ்ந்த துளையும், உள்ளே மூன்று வெண்முட்டைகளும் இருந்தன. கறையான்கள் அத்துளையைத் தம் ஈரமண்ணால் அடைக்கத் தொடங்கியிருந்தன. அக்கூட்டின் வெம்மையிலேயே ஆறு திங்கள் கிடந்து குஞ்சுகள் வெளிப்படும். முகவாயில் மண் ஒட்டியிருந்த தாயுடும்பு கைக்கெட்டும் தொலைவில் அவளையே பார்த்தபடி இருந்ததன்றி அகலவில்லை. இருபத்தோராண்டில் மறுமொழி தராத மரங்கள் எல்லாம் அப்பொழுது நினைவில் வந்து நின்றன என்று அவள் அவையில் கூறினள். இறங்கியவள் செங்காவி முழுதும் போகுமாறு இடைக்கத்தியால் சுரண்டிவிட்டு, அடிமரத்தில் முதுகு சாய்த்து அமர்ந்தனள்.

பின்னர் வந்த கோடரிக்காரர், அவள் காட்டிய தாயுடும்பைக் கண்டு நகைத்தனர். அவருள் மூத்தவனாகிய பொற்கையன் தான் பேசியதை மறையாது சொல்லக் கேட்டுத் தேவியாரும் முறுவலித்தனர். "கொற்றியக்கா, உம் மருமகள் பேறுகாலத்துக்குத் தாய்வீடு போகமாட்டாளா? வேண்டுமானால் நாங்களே பல்லக்குத் தூக்குகிறோம்" என்றனனாம். "இதுதானடா அவள் தாய்வீடு. கோடரியைக் கீழே வை" என்றனளாம் அவள். அதன்பின் ஒருவரும் நகைக்கவில்லை. மறுநாள் முதல் அவளுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவன் பொற்கையனே என்று மற்றை மூவரும் காட்டிக்கொடுக்க, அவன் தலைகவிழ்ந்தனன்.

முறைமையை அறிவாயோ என்று தேவியார் வினவியருளினர். அறிவேன் என்றும், பெருவிரல் போனால் கோடரி பிடிக்க இயலாது, மரங்கேட்பதன்றி வேறொரு தொழிலும் அறியேன் என்றும், ஆயினும் தட்டிய கையும் தவறாகக் கேட்ட செவியும் தன்னுடையனவே என்றும் கூறி, வலக்கையைத் தானே நீட்டினள்.

தேவியார் நெடிது எண்ணி அருளிச்செய்த தீர்ப்பாவது: இசைந்த மரத்தின்மேல் இட்டதே இலச்சினையாகும், அஞ்சி அடங்கியதை இசைவென்று கொண்டு இட்டது வெறும் செங்காவியே. ஆதலின் கொற்றி அழித்தது அரச இலச்சினை அன்று. பிழை, அவ்வழக்கத்தை வகுத்துவைத்த தம் குலத்ததேயன்றி அவளதன்று. இனி மரங்கேட்பவர் எவரும் தட்டியதோடு அமையாது, உச்சிவரை ஏறிக் கண்ட பின்னரே இலச்சினை இடுக. நெடும்புன்னையை எவரும் தீண்டற்க.

உம் கலம் காற்றைத் தவறவிடுதலும் முறையன்று. ஆகவே அரண்மனை முன்றிலில் நின்ற கொடிமரத்தைப் பெயர்த்து, எட்டு யானைகளின் துணையோடு உம்மிடம் போக்குகின்றனர். அதனைச் செதுக்கிப் பாய்மரமாக்கிக் கொள்க. தேவியாரின் கொடி, குஞ்சுகள் வெளிவரும் வரை, அப்புன்னையின் அடியில் ஒரு மூங்கிலில் பறக்கும். வந்து காண விரும்பின், பேறு முடிந்து உம் மகள் நடமாடத் தொடங்கியபின், அவளையும் சேயையும் உடனழைத்து வருக. மரத்தடியில் உரத்துப் பேசற்க.

இக்கட்டளை இன்றுதொட்டு மலையும் துறையும் உள்ளளவும் நிற்பதாகுக. ஓலையைச் சுற்றிய நூலின் அரக்கில் இரண்டு பதிவுகள் காண்பீர். ஒன்று தேவியாரின் சங்கு இலச்சினை. அதன் அருகே உள்ளது மரங்கேட்பாள் கொற்றியின் வலக்கைப் பெருவிரற் சுவடு. நீர் கேட்டது அதுவே. சுவடு உம்மிடம் இருக்க, விரல் அவளிடம் இருப்பதாகுக.