‘ரத்தாகிவிட்டது’ என்று நான் எழுதியது

இன்று காலை கண் மருத்துவரிடம் நேரம் பதியக் கைப்பேசியில் அனுப்பியவன், மனம் மாறி உடனே ‘வேண்டாம்’ என்று அழுத்தினேன். ‘ரத்தாகிவிட்டது’ என்றது திரை. நான் நம்பவில்லை. போன் போட்டுக் கேட்டேன். “புக்கிங் தோ ஹை, சர்” என்றாள் அங்கிருந்த பெண்; பதிவு அப்படியே இருக்கிறதாம். சிரிப்பு வந்தது. யாரிடம் சொல்லிச் சிரிப்பது? வடக்கே, சாங்வியில் இந்த வீட்டில் நான் வாய்விட்டுத் தமிழ் பேசியே நாளாகிறது.

ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றுக்கு நீயும் நானும் ஒரே ஆபீசில் உட்கார்ந்து இணையப் பக்கம் எழுதிய அந்தப் பழைய மழைக்காலம் ஞாபகம் வந்தது, நண்பா. பக்கம் மாறாமலே ஜாவாஸ்கிரிப்ட் சர்வரிடம் பேசுவது அப்போது புதுசு. நீ இங்கே தேஹு ரோடிலேயே பிறந்து வளர்ந்த தமிழன். நான் திருநெல்வேலியிலிருந்து வந்து ஆறு மாதம், வேலை நிரந்தரமாகவில்லை. நேரம் பதிய ‘அனுப்பு’ பொத்தான், பக்கத்திலேயே ‘வேண்டாம்’. அதை அழுத்தினால் போன ரிக்வெஸ்டை அபார்ட் செய்து, அதாவது பாதியில் கைவிட்டு, ‘ரத்தாகிவிட்டது’ என்று காட்டும்படி எழுதிவிட்டு, நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

நீ எட்டிப் பார்த்தாய். “அரே, இன்னாடா இது? அபார்ட் பண்ணா நாம பதிலுக்குக் காத்திருக்கிறத நிறுத்தறோம், அவ்ளோதான். சர்வருக்குப் போய்ச் சேந்திருந்தா அது பதிஞ்சுதான் இருக்கும். சர்வர்கிட்ட திரும்ப ஒருதபா கேட்டுட்டு அப்புறம் ரத்துன்னு சொல்லு.”

“நாளைக்குப் பாக்கேன்ப்பா” என்றேன். மறுநாள் அப்படியே ஒப்படைத்துவிட்டேன்.

வெளியே நெட் ஆமை வேகம். ஜனங்கள் பார்த்துப் பார்த்து அலுத்து ‘வேண்டாம்’ அழுத்தினார்கள். வேறு நேரம் பதிந்தார்கள். பழையதும் சர்வரில் அப்படியே இருந்தது. காலை நேரமெல்லாம் வராதவர்கள் பெயரில் நிரம்பிவிட்டது. தூரத்துக் கோர்படியிலிருந்து வெறும் வயிற்றோடு வந்த சர்க்கரை நோயாளி ஒருவர், இடமில்லை என்று காக்க வைக்கப்பட்டு, வரிசையிலேயே மயங்கி விழுந்தார். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

மேனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டார். “யே கிஸ்னே லிகா?”

எழுதியது யார் என்று கேட்டார். நான் உன் முகத்தைப் பார்த்தேன். நான்தான் என்று நீ சொன்னாய், “மைனே, சர்.”

வெளியே வந்ததும் கேட்டேன், “ஏம்ல அப்படிச் சொன்ன?”

“உன்ன வீட்டுக்கு அனுப்பிடுவானுங்கடா. எனக்கு ஒண்ணும் ஆவாது. நீ டென்ஷன் எடுக்காத.”

ஆயிற்று. உன்னைப் புரோகிராம் எழுதும் பக்கமே விடாமல் பழைய அறிக்கைகளைச் சரிபார்க்கப் போட்டார்கள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்து வேலையை விட்டாய். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நான் நிம்மதியானேன். போனது உன் தலைப்பாகை. நான் நிரந்தரமானேன், இனிப்பு வாங்கிக் கொடுத்தேன், நீயும் தின்றாய்.

மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று உன்னிடம் சொல்லத்தான் இரண்டு முறை ஷேர் ஆட்டோ ஏறித் தேஹு ரோடு வந்தேன். இரண்டு முறையும் கிரிக்கெட் பேசிவிட்டுத் திரும்பினேன்; மேனேஜரிடமும் போகவில்லை. அப்புறம் நீ மாரடைப்பில் போய்விட்ட செய்திதான் வந்தது. வெட்கங்கெட்டவன்டா நான்.

ஒரு மாதம் கழித்து உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்: “அந்த ரத்தப் பரிசோதனை வேலை விஷயம் அவரு என்கிட்ட சொல்லியிருக்காருண்ணா. ‘அவன் ஒருநாள் தானா போய் மேனேஜர்கிட்ட சொல்லிடுவான் பாரு’ன்னு சொல்லிக்கினே இருப்பாரு. சொல்லிட்டீங்களாண்ணா?”

“சொல்லிட்டேம்மா” என்றேன்.

“அதான். அவருக்குத் தெரியும்” என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள்.

தின்றேன்டா. அது இன்னும் இறங்கவில்லை.