கடைசி மூன்று மாதத் தீவனம்

ஜூன் 3

மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டு எழுதினால்தான் கை ஓடுகிறது. நான் பிறந்த வீட்டில் யாராவது பேனாவைத் தேடினால் ஒன்று எங்கோ கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று அர்த்தம். மனதில் இருப்பதை எழுதுவதெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லை. பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தத் துணிச்சலில் எழுதுகிறேன்.

இன்று அத்தை என் டிபன் டப்பாவை மாற்றிவிட்டார். பழையதை எங்கே வைத்தார் என்று தெரியவில்லை. இப்போது கொடுத்தது அவர் மகன், அதாவது என் வீட்டுக்காரர், சின்னப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது. மூடியில் யானைப் படம், பாதி தேய்ந்தது. என் உள்ளங்கையில் அடங்கிவிட்டது.

“அஞ்சு மாசம் ஆச்சு. இனிமே வாயைக் கட்டு. இருக்கறது ஒரு வயிறு, அதுல சோத்தை ரொப்பினா குழந்தை எங்க இருக்கும்?”

இரண்டும் வேறு வேறு பை என்று சொல்ல வாயெடுத்தேன். “சரி அத்தை” என்றுதான் வெளியே வந்தது.

ஜூன் 9

எங்கள் ஆலையில் மாட்டுத் தீவனம் தயாராகிறது. ஆய்வகத்தில் நான் புரதம், சுண்ணாம்புச்சத்து, ஈரப்பதம் பார்க்கிறேன். மேலாளருக்கு ‘ஈரப்பதம்’ என்றே பட்டப்பெயர். காலை வணக்கம் சொன்னாலும் “ஈரப்பதம் எவ்வளவு?” என்பார்.

அதே ஆலையில்தான் இவர் விற்பனைப் பிரதிநிதி. இன்று வாசலில் நின்று போனில் யாரோ மாட்டுக்காரரிடம் கத்திக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது.

“அண்ணே, கடைசி மூணு மாசம்தாண்ணே கன்னு வயித்துக்குள்ள கிடுகிடுன்னு வளரும். இப்பப் போயி தீவனத்துல கஞ்சத்தனம் பண்ணினா கன்னு நோஞ்சானா விழும், தாயும் படுத்துடும். அது வாயில்லாத ஜீவன், வந்து கேக்குமா? நாமதாண்ணே பார்த்துப் போடணும்!”

மூட்டை தைக்கும் அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். “உன் வீட்டுக்காரர் மாட்டுக்குன்னே பொறந்த வக்கீல்!”

நானும் சிரித்தேன். யானை டப்பா மேசைமேல் காலியாக இருந்தது. மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

ஜூன் 10

பசி. வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 21

ரத்த அளவு எட்டரைதான் இருக்கிறதாம், பதினொன்றாவது வேண்டுமாம். டாக்டரம்மா நகத்தைப் பார்த்தார், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். “நீங்க சாப்பிடறீங்களா, இல்ல வேடிக்கை பார்க்கறீங்களா?” இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். டீயோடு போடக்கூடாது, சாப்பாட்டில் முட்டை, பருப்பு, கீரை வேண்டும், பழம் வேண்டும் என்றார். சர்க்கரைப் பரிசோதனையில் குறை இல்லை.

வீட்டில் அத்தை மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முப்பது வருடம் பிரசவ வார்டில் ஆயாவாக இருந்தவர். தெருவில் யார் வயிற்றைப் பார்த்தாலும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு.

“இதெல்லாம் குழந்தை தலையைப் பெருசாக்கும். பெத்துப் போடும்போது கத்தப்போறது நீதான், டாக்டரம்மா இல்ல.”

அட்டை அவர் இடுப்பில் செருகிய சுருக்குப்பைக்குள் போனது. இவர் பார்த்தார். பார்த்துவிட்டு, “அம்மா பார்க்காத பிரசவமா?” என்று செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஜூலை 2

அதே மாத்திரையில் இன்னோர் அட்டை வாங்கி ஆய்வகத்திலேயே வைத்துவிட்டேன், பரிசோதனைக்கு வந்த தவிட்டுப் புட்டிகளுக்குப் பின்னால். தையல் அக்கா தினமும் ஓர் அவித்த முட்டை கொண்டுவருகிறாள். “ரெண்டு உசுருக்கு ஒரு முட்டை. எனக்கே கேவலமாத்தான் இருக்கு, நாளைக்கு ரெண்டா எடுத்துட்டு வரேன்.”

இன்று வீட்டு வாசலிலேயே அத்தைக்கு முட்டை வாசனை தெரிந்துவிட்டது.

“டிகிரி வந்தாச்சு. எங்க தின்னுட்டு வர்றே?”

“ஆபீஸ்ல...”

“படிச்ச படிப்புக்குத் திருட்டுத் தீனி வேறயா?”

சொந்த வயிற்றுக்குப் போட்டது எப்படித் திருட்டாகும்? இதை அங்கேயே கேட்டிருக்க வேண்டும். இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது?

ஜூலை 19

ஸ்கேன். குழந்தை மாதத்துக்கு ஏற்ற எடையில் இல்லை. டாக்டரம்மாவின் குரல் இந்த முறை ஏறவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அத்தையும் கூட வந்திருந்தார். கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.

“சின்னதா இருக்கா? நல்லதுதான். முப்பது வருஷம் பிரசவ வார்டுல பார்த்தவ நான். நாம நினைச்சபடிதான் நடக்குது.”

நாம!

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “பாட்டியம்மா, வார்டுல பெரிய குழந்தை மாட்டிக்கிட்டதைப் பார்த்திருப்பீங்க. அதுல நிறையப் பேருக்குச் சர்க்கரை நோய், கவனிக்காம விட்டிருப்பாங்க. அது வேற கணக்கு. இவங்களுக்குச் சர்க்கரை இல்ல. பட்டினி போட்டா பிரசவம் சுலபமாகாது. ரத்தமில்லாத உடம்பு கொஞ்சம் ரத்தம் போனாலே தாங்காது. குழந்தையும் எடையில்லாம பொறக்கும்.”

அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தார். ஆட்டோவில் ஏறியதும் என்னைப் பார்க்காமல் சொன்னார். “வார்டுல ஒருத்தி என் கையைப் புடிச்சுக்கிட்டே உசுரை விட்டா. குழந்தை தோள் மாட்டிக்கிச்சு. அவ விரல் தடம் ரெண்டு நாள் என் கையில இருந்துச்சு. நீ புத்தகத்துல படிச்சிருப்பே. நான் பார்த்தேன்.”

அவர் பயம் பொய் இல்லை. அது எனக்குத் தெரிகிறது. ஆனால் அந்தப் பயத்தைப் புதைக்க என் வயிறுதானா கிடைத்தது?

இரவுச் சாப்பாட்டில் ஒரு கரண்டி குறைந்திருந்தது.

ஜூலை 20

அம்மாவிடம் போனில் சொன்னேன். “கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, பெரியவங்க” என்றாள். குழந்தையும் அனுசரித்துக்கொண்டுதானே இருக்கிறது உள்ளே. அதனால்தானே சின்னதாக இருக்கிறது. யாருக்கும் உறைக்காதா? ச்சீ, என்ன பெரியவங்க, என்ன மரியாதை!

ஆகஸ்ட் 6

இன்று கரண்டியைப் பிடுங்கினேன்.

பிடுங்கினேன் என்று எழுதக் கூசுகிறது. ஆனால் நடந்தது அதுதான். அத்தை எனக்கு அரைக் கரண்டி பருப்பு ஊற்றிவிட்டு மிச்சத்தை இவர் தட்டில் சாய்க்கப்போனார். என் கை தானாக நீண்டது. முழுக் கரண்டி, இன்னொரு முழுக் கரண்டி. பிறகு சோறு. முட்டைக் கிண்ணத்தையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இழுத்த வேகத்தில் மேசைத் துணியெல்லாம் பருப்பு.

“பாருடா உன் பொண்டாட்டி திங்கிற அழகை! நாளைக்குக் கிழிச்சு எடுக்கும்போது என்னைக் கூப்பிடாதீங்க.”

“கூப்பிட மாட்டேன் அத்தை.” இதைச் சொன்னது நானா?

இவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்களேன்” என்றார். ரெண்டு பேரும்! வாயில்லாத ஜீவனுக்காக வாசலே அதிரப் பேசுகிறவர்.

அவரிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று தொண்டைவரை வந்தது. சோற்றோடு சேர்த்து அதையும் விழுங்கினேன்.

ஆகஸ்ட் 7

காலையில் அடுப்பங்கரையில் நடுவே இடைவெளி விட்டு இரண்டு அடுப்பு. என் பக்கம் ஒரு சட்டி, ஒரு கரண்டி, உப்பு ஜாடி. உப்பை மட்டும் எனக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறார். எவ்வளவு தாராளம்.

செப்டம்பர் 15

ஐந்து வாரமாக என் சமையல் எனக்கு. அத்தை என்னோடு பேசுவதில்லை. சுவரோடு பேசுகிறார். “மூணு வேளையும் அடுப்பு எரியுது. உள்ள இருக்கறது புள்ளையா, பூசணிக்காயா?” சுவர் பதில் சொல்வதில்லை. நானும்தான்.

இவர் இரண்டு அடுப்பிலும் சாப்பிடுகிறார். முதலில் அங்கே, அப்புறம் இங்கே. எடை கூடியிருக்கிறது, அவருக்கு.

ரத்தம் பத்தைத் தொட்டுவிட்டது. குழந்தையும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. “போதாது. ஆனா இப்பதான் பாதைக்கு வந்திருக்கீங்க” என்றார் டாக்டரம்மா. ‘ஈரப்பதம்’ என் முகத்தைப் பார்த்து, “இப்பதாம்மா அளவு சரியா இருக்கு” என்றார். அவர் தரும் உச்சகட்டப் பாராட்டு அது.

அக்டோபர் 4

பெண் குழந்தை. இரண்டு கிலோ முந்நூறு. இன்னும் இருநூறாவது கூட இருந்திருக்க வேண்டும் என்றாள் நர்ஸ். ஜூன், ஜூலையில் போனது அந்த இருநூறு. யார் திருப்பித் தருவார்கள்? என் நெஞ்சில் தோலோடு தோலாகப் போட்டிருக்கிறார்கள், சூட்டுக்காக. பறவைக் குஞ்சு போல மூச்சு விடுகிறது. பால் குடிக்கத் தெரிந்திருக்கிறது, அதுவே பெரிய விஷயமாம்.

எனக்கு ரத்தம் போனது. ஒரு பை ஏற்றினார்கள். பழைய எட்டரையோடு வந்திருந்தால் என்னைக் காப்பாற்றத் திணறியிருப்போம் என்று டாக்டரம்மா இவரிடம் சொன்னார். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மாலையில் அத்தை கஞ்சி பிளாஸ்க்கோடு வந்தார். குழந்தையை வெகுநேரம் பார்த்தார். “தோள் சின்னது. அதான் தப்பிச்சே” என்றார். பிறகு பிளாஸ்க்கின் மூடியில் கஞ்சியை ஊற்றி நீட்டினார். மூடியில் பாதி. “பச்சை உடம்பு. இது போதும்.”

இவர் என் தலைமாட்டில் உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. “உனக்கு என்ன வேணும், சொல்லு. எதுவா இருந்தாலும் வாங்கித் தரேன்.” என் காதைப் பார்த்தார். கம்மலைத்தான் நினைத்திருப்பார்.

“வாங்க வேண்டாங்க. அன்னைக்கு வாசல்ல நின்னு ஒரு மாட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களே, வாயில்லாத ஜீவன், நாமதான் பார்த்துப் போடணும்னு. அதை உங்க அம்மாகிட்ட ஒரு தடவை சொல்லுங்க. அதே சத்தத்துல. இப்பவே, என் காது கேட்க.”