உரக்கப் படிக்காத பக்கம்

ராஜபாளையம்
7-2-93

அன்புள்ள பரிபூரணத்துக்கு,

நானும் அம்மாவும் முத்துப்பேச்சி அக்காவும் சுகம். அதை முதலில் எழுதிவிட்டேன். இனி எழுதப்போவதைப் படித்துவிட்டு இங்கே யாருக்கும் உடம்புக்கு ஆகவில்லையோ என்று நீ பயப்பட வேண்டாம். எனக்குத்தான் மனசு சரியில்லை.

நீ மாலத்தீவிலிருந்து ஜனவரி பன்னிரண்டில் போட்ட கடிதம் புதன்கிழமை வந்தது. காலை ஷிப்டு முடித்து மில்லிலிருந்து வந்து, சாப்பிட்டுக் கை கழுவி, வழக்கம்போல உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். அம்மா சுவரில் சாய்ந்துகொண்டாள். அக்கா பக்கத்து வீட்டிலிருந்து சுளகும் கையுமாக வந்துவிட்டாள். உன் கடிதம் வருகிற அன்று இந்த வீட்டில் வேறு வேலை நடக்காது என்பது உனக்குத் தெரியும். முதல் பக்கம் நன்றாகப் போயிற்று. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் தேறியது, தொட்டியில் மழைத் தண்ணீர் நிறைந்தது, தினமும் சூரை மீன் தின்று அலுத்துப்போனது, எல்லாவற்றையும் உரக்கப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் உரக்கப் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஜூன் விடுமுறைக்கு ஊருக்கு வரவில்லை என்கிறாய். நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து தோணி பேசிக்கொண்டு வேறொரு தீவுக்குப் போகப்போகிறீர்களாம். அங்கே பத்து நாள் தங்கி, அலைமேல் பலகையைப் போட்டு அதன்மேல் நின்றுகொண்டு கரைக்கு வருகிற விளையாட்டை நன்றாகப் பழகப்போகிறீர்களாம். இப்போதே லீவு நாளில் உங்கள் தீவுக் கரையில் ஓர் ஆஸ்திரேலியாக்காரன் கொஞ்சம் பழக்கிக்கொடுக்கிறானாம். இதை எப்படி அம்மாவிடம் படிப்பது? ஜூனில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் போட்டியாம் என்று மாற்றிச் சொன்னேன். எம்புட்டு நாளைக்கு என்று கேட்டாள். பத்து நாள் என்றேன். “பத்து நாளாவா ஓடுதானுக?” என்று அதிசயப்பட்டாள்.

அந்த இரண்டாம் பக்கத்தையும் மூன்றாம் பக்கத்தையும் பிறகு தனியாகப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். அலை தூரத்தில் எழும்போதே திரும்பிப் பார்க்க வேண்டுமாம். பலகையில் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரைத் தள்ள வேண்டுமாம். பின்னாலிருந்து யாரோ தூக்குகிறமாதிரி இருக்குமாம், அந்த நிமிஷத்தில் எழுந்து நின்றுவிட வேண்டுமாம். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய்! கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என்னைப் பற்றி யாருக்காவது இப்படி ஒரு வரி எழுதியிருப்பாயா?

சில கேள்விகள் இருக்கின்றன. நீந்தத் தெரியும் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எப்போது கற்றுக்கொண்டாய், யார் கற்றுக்கொடுத்தது? பலகை பழக்குகிற ஆஸ்திரேலியாக்காரன், அவன் பெயரை நான் எழுதப்போவதில்லை, அவனுக்கு எத்தனை வயது? குடும்பம் கூட இருக்கிறதா? கடலில் என்ன உடுத்திக்கொண்டு இறங்குவீர்கள்? உப்புத் தண்ணீர் தலைமுடிக்கு ஆகாது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

அப்புறம் நம்பி சார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரர், ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறார், நம் ஊர்ப்பக்கத்து மனுஷர் துணைக்கு இருக்கிறார் என்று நான்தான் முதலில் சந்தோஷப்பட்டேன். இந்தக் கடிதத்தில் நம்பி சார் பதினோரு இடத்தில் வருகிறார். தோணிக்குப் பேசியது நம்பி சார். தீவுக்குப் போய்ப் பார்த்து வந்தது நம்பி சார். நம்பி சார் பலகையிலிருந்து விழுந்ததற்கு நீங்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறீர்கள். என் பெயர் உறைமேல் ஒரு தடவை இருந்தது. அதுவும் தபால்காரருக்காக.

ஜூனோடு உன் இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிகிறது. மேலும் இரண்டு வருஷத்துக்கு இருப்பதானால் மே கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும் என்று முன்னால் எழுதியிருந்தாய். இந்தக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போட்டுவிட்டாயா? அதைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், நடுவில் வேறு எதையெல்லாமோ எழுதிவிட்டேன்.

போகாதே என்று சொல்லவில்லை. யோசித்துச் செய். உடனே பதில் போடு.

உறைமேல் மட்டும் பெயர் உள்ள
சோலைச்சாமி


ராஜபாளையம்
14-3-93

அன்புள்ள பரிபூரணம்,

உன் பதில் வந்தது. எட்டு வரி. அதைப் படித்ததும் அம்மா, “பிள்ளைக்குச் சொகமில்லையோ, இம்புட்டுக் காணும் எழுதியிருக்கா” என்று கவலைப்பட்டாள். வேலை அதிகமாம் என்று சமாளித்தேன். ஆஸ்திரேலியாக்காரனுக்கு அறுபத்திரண்டு வயது, பேரன் இருக்கிறான் என்று எழுதியிருந்ததை மட்டும் நான் படிக்கவில்லை. பேரன் என்ற வார்த்தை காதில் விழுந்தால் அம்மாவின் பேச்சு எங்கே போய் நிற்கும் என்று உனக்குத் தெரியாததா?

நீந்தச் சொல்லிக்கொடுத்தது பள்ளிக்கூடத்து ஆயாவாம். சரி. அதைப் படித்தபோதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஏன் என்று அப்போது தெரியவில்லை.

நான் ஒரு காரியம் செய்தேன், கேட்டால் திட்டுவாய். மனசு அடங்காமல் போன ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். மடவார் வளாகத்தில் நம்பி சார் வீட்டை விசாரித்துக்கொண்டு போய் நின்றேன். உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. அவர் மனைவியிடம் நாசூக்காகச் சொல்லிவைக்கலாம் என்று எண்ணம். அங்கே இவர்கள் அடிக்கிற கூத்து அந்தம்மாவுக்குத் தெரிந்திருக்காது, இரண்டு பேரும் சேர்ந்து எழுதினால் இந்தப் பயணம் நின்றுவிடும் என்று பஸ்ஸில் பேச்சுக்கூடத் தயார் செய்திருந்தேன்.

அந்தம்மாவின் பெயர் அரவிந்தவல்லி. நான் யார் என்று சொன்னதும், பரிபூரணம் டீச்சராத்துக்காரரா வாங்கோ என்று வாய் நிறையக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தார். உள்ளே ஒரு பெட்டி திறந்து கிடந்தது. புது பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்டினார். ஜூனில் அவர் மாலத்தீவுக்குப் போகிறார். அந்தத் தீவுக்கு, அதே தோணியில். நம்பி சார் தானாகவே முன்பே போய் இடம் பார்த்து வந்தது இவருக்காகத்தானாம். நான் தயார் செய்திருந்த பேச்சு காபியோடு உள்ளே போய்விட்டது.

அப்புறம் அவர் கேட்டார், “உங்காத்துலேர்ந்து யாரும் வரமாட்டாளாமே? டீச்சர் பல தடவை எழுதிப் பார்த்துட்டு விட்டுட்டாளாம். இவர் எழுதியிருக்கார்.” ஷிப்டு, லீவு கிடைக்காது என்று எதையோ உளறிவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் உன் கடிதங்கள் அத்தனையையும் மில்லுக்கு எடுத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரத்தில் கேண்டீன் மூலையில் உட்கார்ந்து கடைசிப் பக்கங்களை மட்டும் படித்தேன். பரிபூரணம், நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். கடைசிப் பக்கம் வரும்போது அம்மாவுக்குக் கண் சொக்கிவிடும், அக்கா எழுந்துவிடுவாள். நானும் ‘பெரியவர்களுக்கு என் வணக்கம், உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி மடித்து வைத்துவிடுவேன். எழுதியிருப்பதில் கண் ஓடத்தான் செய்யும். ‘நீங்களும் இருந்தால்’ என்று ஏதாவது தென்படும். பெண்டாட்டி எழுதுகிற மரியாதைப் பேச்சு என்று நினைத்துக்கொள்வேன். ஊர் முன்னால் படித்துப் படித்து உன் கடிதத்தை ஊருக்கு வந்த கடிதமாகவே ஆக்கிவிட்டேன்.

ஐந்து கடிதத்தில் கூப்பிட்டிருக்கிறாய். போன ஆகஸ்டில் ‘பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போடுங்கள்’ என்று. தீபாவளிக்கு முன்னால் ‘பதினைந்து நாள் லீவு கேட்டுப் பாருங்கள்’ என்று. ஜனவரிக் கடிதத்தில், நான் கோபத்தோடு பத்துத் தடவை படித்தேனே அதே கடிதத்தில், நான்காம் பக்கத்தில், ‘இது கடைசித் தடவை. இனிமேல் கேட்கமாட்டேன்’ என்று. அதற்கு நான் கேட்ட கேள்வி, என்ன உடுத்திக்கொண்டு இறங்குவாய் என்பது.

நீந்தியதற்கு ஏன் எரிந்தது என்றும் அந்தக் கேண்டீனில்தான் தெரிந்தது. கல்யாணமான புதிதில் மம்சாபுரத்தில் மாமா தோட்டத்துக் கிணற்றில் நான் மேலேயிருந்து குதித்து ஜம்பம் காட்டினேன். எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்று நீ படியில் இறங்கி வந்தாய். ஆட்கள் பார்ப்பார்கள், மேலே போ என்றேன். நீ ஏறிப் போய்விட்டாய். நான் கற்றுக்கொடுத்திருக்க வேண்டியதை யாரோ ஓர் ஆயா, உன் பாஷைகூடத் தெரியாத ஒருத்தி, கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்துவிட்டாளே என்றுதான் எரிந்திருக்கிறது.

கோபமாக இருந்தால் இன்னும் ஒரு எட்டு வரி எழுது. அதுவும் போதும்.

சோலைச்சாமி


ராஜபாளையம்
12-5-93

அன்புள்ள பரிபூரணம்,

உன் ஏப்ரல் கடிதம் கிடைத்தது. அதை நான் உரக்கப் படிக்கவில்லை. பிள்ளை என்ன எழுதியிருக்கிறாள் என்று அம்மா கேட்டதற்கு, சுகமாக இருக்கிறாளாம், மற்றது எனக்கு எழுதியது என்றேன். அம்மா அக்காவிடம், “அவுகளுக்குள்ள ஆயிரம் இருக்கும், நீ போயி ஒன் சோலியப் பாரு” என்றாள். இத்தனை நாளும் இதை நான் சொல்லியிருக்கலாம்.

திருச்சிக்கு எழுதிப்போட்ட பாஸ்போர்ட் போன வாரம் வந்துவிட்டது. போலீஸில் இருக்கிற சித்தப்பா மகன் சமுத்திரம் விசாரணைத் தாளை அன்றைக்கே அனுப்பிவைத்ததால் இவ்வளவு சீக்கிரம் முடிந்தது. போட்டோவில் திருடன்மாதிரி இருக்கிறேன். மில்லில் பதினைந்து நாள் லீவு எழுதிக்கொடுத்தேன். எங்கே என்று கேட்ட மேனேஜரிடம் மாலத்தீவு, அலைமேல் பலகை பழக என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. டாக்டரைப் பார்த்தீர்களா என்று கேட்டார்.

இதற்காக என்னை நல்லவன் என்று நினைத்துவிடாதே. பொறாமை போய்விட்டதால் நான் வரவில்லை. அது இருப்பதால்தான் வருகிறேன். நம்பி சார் மேல் இல்லை, அவர் பாவம், விழத்தான் தெரியும் போலிருக்கிறது. அந்தத் தாத்தாமேலும் இல்லை. நான் இல்லாமல் நீ சிரித்த சிரிப்பின்மேல்தான் இருக்கிறது. நீ எழுந்து நிற்கிற அந்த நிமிஷத்தில் கரையில் நின்று பார்க்கிறார்களே, அவர்கள் எல்லார்மேலும் இருக்கிறது. நீ நிற்பதை முதன்முதலில் பார்த்தவர் யார் என்று நினைக்கும்போதெல்லாம் சாப்பாடு இறங்குவதில்லை. இனிமேல் நடப்பதையாவது நான் பார்க்க வேண்டும். நானும் பலகையில் ஏறுவேனா என்று தெரியாது. கிணற்றில் குதிப்பவனுக்குக் கடல் என்ன செய்யும் என்று முதலில் நினைத்தேன், நீ அனுப்பிய போட்டோவைப் பார்த்ததும் அந்த நினைப்பை விட்டுவிட்டேன். அலை அத்தனை உயரம் என்று நீ எழுதவே இல்லையே!

ஏப்ரல் கடிதத்தில் எல்லாம் எழுதியிருக்கிறாய். ஒப்பந்தத்தைப் பற்றி மட்டும், மேலும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டாய். அதற்கு மேலே படிக்க அங்கே ஒன்றும் இல்லை. இந்தத் தடவை கடைசிப் பக்கம்வரை நன்றாகப் பார்த்துவிட்டேன்.

நேற்று டிக்கெட் விஷயமாக மதுரை போனேன். அரவிந்தவல்லியம்மாவும் அவர் தம்பியும் வந்திருந்தார்கள். ஜூன் பன்னிரண்டாம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து விமானம். திரும்பும் டிக்கெட்டும் கையில் இருந்தால்தான் அங்கே இறங்கவிடுவார்களாம், அதனால் இரண்டையும் சேர்த்தே போட வேண்டும் என்றார் ஏஜெண்ட். நம்பி சார் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு அந்தம்மாவோடு ஊருக்கு வந்துவிடுகிறாராம். போக எத்தனை, வர எத்தனை என்று ஏஜெண்ட் கேட்டதும் அந்தம்மா, போக ஒண்ணு, வர ரெண்டு என்று சட்டென்று சொன்னார். யோசிக்கவே இல்லை.

அடுத்து ஏஜெண்ட் என்னைப் பார்த்தார். போக ஒன்று என்றேன். வர என்று கேட்டார். எழுதிக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உங்கள் டிக்கெட்டுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று அவருக்குக் குழப்பம். மே மாதம் முப்பதாம் தேதிவரை பொறுத்துக்கொள்கிறாராம்.

வேலையை விட்டுவிட்டு வா என்று எழுத மூன்று தடவை பேனாவை எடுத்தேன். உனக்கு அந்த வேலை எவ்வளவு பிடித்திருக்கிறது என்று உன் எல்லாக் கடிதத்திலும் இருக்கிறது, அதை உரக்கவே படித்திருக்கிறேன். அதனால் எழுதவில்லை. வர ஒன்று என்று எழுதினால் ஒன்று வாங்கிக்கொண்டு வருவேன். பதினைந்து நாளும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ள மாட்டேன், சத்தியம். ஆனால் இந்தப் பேனாவைப் பிடித்திருக்கிறவனுக்கு எந்த எண் வேண்டும் என்று உனக்குத் தெரியும்.

இவ்வளவு நாளும் யார் யார் மேலேயோ பொறாமைப்பட்டு எழுதினேன். எல்லாவற்றையும் கிழித்துப் போடு. அந்தம்மா யோசிக்காமல் ரெண்டு என்று சொன்னாரே, அப்போது அவர்மேல் எனக்கு வந்ததுதான் பொறாமை.

உடம்பைப் பார்த்துக்கொள். எண்ணை மட்டும் தந்தியடித்தாலும் போதும்.

உன்
சோலைச்சாமி