உயிரோடிருக்கும் மாரியப்பனுக்கு அமரர் பட்டம்

ஆவணி 4, வியாழன்

வெயில். கடவுள் நம் மாவட்டத்துக்கென்று தனிச் சூரியன் ஒன்றை ஒதுக்கியிருக்கிறார். அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை வேலை மூன்று. டீ இரண்டு. மூன்றாவது, டாக்டருக்குப் பயந்து குடிக்கவில்லை (குடித்தேன்).

மதியம் சாத்தூரிலிருந்து ஓர் அம்மா. கையில் நாங்கள் அடித்துக் கொடுத்த மகள் கல்யாணப் பத்திரிகை. மேசைமேல் வைத்து, ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். பெண்ணின் தகப்பனார்: அமரர் மாரியப்பன்.

"அவுக காலையில சாப்பிட்டுட்டு வேலைக்குப் போயிருக்காக, அண்ணாச்சி."

மாரியப்பன் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். ஈரேழு உலகையும் விலை பேசும் நான், காசுப் பேச்சே எடுக்காமல், புதிதாக அடித்துத் தருகிறேன் என்றேன்.

"அடிங்க. எழுதினது எழுதினதுதான." போய்விட்டார்.

பத்திரிகை அச்சேறும் முன் நானும் படித்தேன். 'உங்கள் அப்பா நிஜமாகவே இறந்துவிட்டாரா' என்று எவன் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பது? மரியாதையாக வாயை மூடிக்கொண்டு அடித்தேன்.

ஆவணி 5, வெள்ளி

கவிதாவை வரச் சொன்னேன். அக்கா மகள். அச்சகத்தின் இணையதளம் அவள் கைவேலை. வருகிறவர் தம் போனிலேயே பெயர்களை நிரப்பி, மாதிரி பார்த்து, 'சரி' அழுத்தினால் நமக்கு வந்துவிடும். பத்திரிகை விவரம் நிரப்பிய மாரியப்பன் மகனிடம் விசாரித்தாள். பெயருக்கு முன்னால் உள்ள பட்டக் கட்டத்தைக் காலியாக விட்டானாம். மாதிரியைப் பார்க்காமலே அழுத்தினானாம்.

பிறகு அமரர் எப்படி வந்தார்? அவனுக்குச் சற்று முன் நிரப்பியவர் காரியாபட்டிக்காரர். அவருடைய தகப்பனார் நிஜமாகவே அமரர்.

பரிசோதனை. என் போனில், என் பெயருக்கு முன் 'சக்கரவர்த்தி' (தகுதிக்குக் குறைவுதான்). கவிதா தன் போனில் கட்டத்தைக் காலியாக விட்டாள். வந்தது: சக்கரவர்த்தி கவிதா.

அவள் சிரிக்கவில்லை. "வேரியபிள, அதான் பட்டத்தப் போட்டு வைக்கிற டப்பாவ, தப்பான எடத்துல வச்சுட்டேன், மாமா. வர்ற ஆளுக்கு ஒண்ணா புதுசா பெறக்கணும். இது சர்வர் கம்ப்யூட்டர் எந்திரிக்கையில ஒரே ஒருக்கா பெறந்துட்டு எல்லாருக்கும் அதையே குடுக்கு. காலியா விட்டா முந்தின ஆளு போட்டது அங்கனயே கெடக்கும்."

பந்தியில் எச்சில் இலையை எடுக்காமல் அடுத்த ஆளை உட்கார வைத்த கதை.

"சோதிச்சுப் பாக்கலையா, தாயி?"

"பாத்தேன். நான் ஒருத்தி மட்டும்தான பாத்தேன், முந்தின ஆளும் நானே."

திருத்தினாள். மற்ற ஆர்டர்களையும் உருட்டிப் பார்த்தோம். வேறு யாரையும் கொல்லவில்லை. சாப்பிடாமல் போனாள்.

ஆவணி 8, திங்கள்

மேகம் உண்டு, மழை இல்லை. புதுப் பத்திரிகையோடு சாத்தூர். மாரியப்பன் வேலைக்குப் போயிருந்தார். சர்வர், வேரியபிள், எச்சில் இலை எல்லாம் விளக்கினேன். அந்தம்மா கீரை ஆய்ந்தபடி முழுக்கக் கேட்டார்.

"புரியுது, அண்ணாச்சி. கல்யாணம் வரைக்கும் போகாதீகன்னு அழுதேன். தீவாளி சீசன், அம்புட்டு ஆர்டர் கெடக்குன்னு போயிட்டாக. கம்பெனி வண்டி வர்ற வரைக்கும் நீங்களும் இங்கன உக்காருங்க. எப்படி இருக்குன்னு பாருங்க."

உட்கார்ந்தேன். அவர் கீரையை ஆய்ந்தார். நானும் ஒரு கட்டு எடுத்து ஆய்ந்தேன்; எங்கள் வம்சத்தில் இப்படி நடந்ததில்லை. தூரத்தில் எங்கோ ஒரு வெடி. எவனோ சும்மா போட்டிருப்பான். கீரையில் அந்தம்மா கை நின்றுவிட்டது.

சாயங்காலம் வண்டி வந்தது. மாரியப்பன் இறங்கினார், காதோரம் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பொடியோடு.

"என்ன அண்ணாச்சி, சாட்சிக்கு வந்தீகளா? உசுரோடதான் இருக்கேன், எழுதிக்கோங்க." அவர் சிரித்தார். நான் சிரித்தேன்.

அந்தம்மா: "நாளைக்கும் வாங்க."

ஆவணி 9, செவ்வாய்

சாத்தூர் வந்திருக்கிறேன். கவிதாவும் வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். அந்தம்மா காபி கொடுத்தார். வாசலில் இருந்தே எழுதுகிறேன். நேற்று வண்டி வந்த நேரம் தாண்டிவிட்டது.

"சீசன்ல லேட் ஆகும்" என்றேன். எனக்கு என்ன தெரியும்.

வண்டிச் சத்தம். அந்தம்மா எழுந்தார். நானும் எழுந்தேன். தீப்பெட்டி லோடு லாரி.

உட்கார்ந்தோம்.