மணிக்கு எழுபது

ஆம்பூர்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் ஜோதி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் நிஷாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். எத்தியோப்பியாவில் அந்தக் குளிர் ஊரில் உங்களுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்க வேண்டும்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். உங்கள் அறையில் நான்கு பேர். நான் ஒன்று சொன்னால் நான்கு பேர் காதிலும் விழுகிறது. நீங்களும் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறீர்கள். நம் ஷூ கம்பெனி மெக்கானிக் நயீம் அகமது பாய் செவ்வாய்க்கிழமை அங்கே வருகிறார். ஊறுகாய், பருப்புப்பொடியோடு இதையும் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். புளித்த தோசை மாதிரி ஒன்றை அங்கே மூன்று வேளையும் சாப்பிடுகிறீர்களாமே. இங்கே மாவு ஒரு நாள் புளித்தாலே தட்டைத் தள்ளினவர்தானே நீங்கள்!

நிஷாவுக்குப் பத்தாவது மாடல் தேர்வு நடக்கிறது. கணக்குதான் கொஞ்சம் பயம் என்கிறாள். அப்பா எப்போது வருவார் என்று கேட்பதை விட்டுவிட்டாள்.

இப்போது கம்பெனி விஷயம். போன திங்கட்கிழமை உள்ளே போனால் இரண்டாம் தையல் லைன் இருந்த இடத்தில் போல்ட் ஓட்டைகள்தான் இருக்கின்றன. நாற்பது மெஷினையும் நயீம் பாய் துடைத்து, பிளாஸ்டிக் சுற்றி, கன்டெய்னரில் ஏற்றிவிட்டார். அவற்றை எத்தியோப்பியாவில் மறுபடி பூட்டத்தான் அவரும் வருகிறார். என்னோடு கம்பெனியில் சேர்ந்து அந்த லைனில் தைத்த கமலம் அக்கா இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். உட்காரவே விடுவதில்லையாம்.

எங்கள் மூன்றாம் லைனுக்கு இந்த மாதக் கடைசி வரை கெடு. அங்கே நீங்கள் தையல் பழக்கும் பெண்கள் மணிக்கு எழுபது ஜோடி ஷூவுக்கு மேல்பாகம் தைத்துக் காட்டிவிட்டால் எங்கள் மெஷின்களும் கப்பல் ஏறும். காட்டாவிட்டால் ஆர்டர் இங்கேயே இருக்கும் என்று மேனேஜர் சொன்னார். காட்டிவிட்டால் உங்களுக்கு அங்கே மூன்று வருஷம் வேலை நிச்சயம், காட்டாவிட்டால் உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு யாருக்காக ஜெபிப்பது, சொல்லுங்கள்.

எல்லாம் ஏன் இப்படிப் போகிறது என்று நயீம் பாயிடம் கேட்டேன். "பாலாத்துல தண்ணி இருந்துச்சு, தோலு பதம் பண்ண ஆவாரம்பட்டை கெடைச்சுது, மெட்ராஸ் துறைமுகத்துக்கு ரயில் இருந்துச்சு, அதனால தோலு இங்க வந்துச்சும்மா. இப்போ அங்க ஆடு மாடு ஜாஸ்தி, கூலி கம்மி. அங்க போவுது. இதுல நம்ம பேஜார யாரு பாக்கறாங்க?" என்றார்.

உங்கள் அப்பாவின் முக்கால் ஏக்கரை நினைத்துக்கொண்டேன். டேனரிக் கழிவுத் தண்ணீர் இறங்கிக் கிணறு நிறம் மாறி, தென்னை காய்ப்பதை நிறுத்தின பிறகுதானே நீங்களும் நானும் கம்பெனி பஸ் ஏறினோம். இப்போது கம்பெனியே கிளம்புகிறது. கெட்டுப்போன கிணற்றை யாரும் கன்டெய்னரில் ஏற்றிக்கொண்டு போகப்போவதில்லை. அங்கேயும் விளைகிற நிலத்தை எடுத்துத்தான் கம்பெனி ஷெட் போட்டார்கள் என்று நீங்களே சொன்னீர்கள்.

நான் எழுத வந்தது வேறு. புதன்கிழமை வீடியோ காலில் உங்கள் ஷெட்டைச் சுற்றிக் காட்டினீர்கள். சுவரில் பெரிய டிவி. அதில் இரண்டு கைகள் நிற்காமல் தைத்துக்கொண்டிருந்தன. "இதப் பாத்துதான் எல்லாம் பழகுதுங்க. இந்த வேகம் வரலன்னு அல்மாஸ்னு ஒரு பொண்ணு டெய்லி அழுவுது" என்று சிரித்தீர்கள். நான் அந்த இடது பெருவிரலைப் பார்த்தேன். நகத்தின் நடுவில் ஊசி இறங்கின வடு. மாமா, அது என் கை.

நீங்கள் புறப்பட்டுப் போன மறுவாரம் எடுத்தது அது. நேரம் எடுக்க ஆபீசர் ஸ்டாப்வாட்சோடு வந்தால் லைனில் எல்லார் கையும் தானாக மெதுவாகிவிடும். அது உங்களுக்கும் தெரியும். இன்றைக்கு அவர் எழுதுவதுதானே நாளைக்கு டார்கெட். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அந்தக் கட்டுப்பாட்டை மீறவில்லை. ஆனால் அன்றைக்கு வந்தவர்களிடம் வாட்ச் இல்லை, கேமராதான் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் பார்ப்பதற்கு என்றார்கள். இங்கே நல்ல கை யாருடையது என்று கேட்டதும் எல்லாரும் என்னைக் காட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வளையலைக் கழற்றி வைத்துவிட்டு மூச்சு விடாமல் தைத்தேன். மொத்தமே கால் மணி நேரம். சாயங்காலம் மணிக்கட்டு வீங்கி, நிஷாதான் சோறு வடித்தாள். அந்த வேகத்தில் முழு நாளும் தைக்க என்னாலேயே முடியாது.

பதினாறு வருஷம் இந்தக் கை பரிமாறிச் சாப்பிட்டவர் நீங்கள். மூன்று மாதமாக அந்த டிவிக்கு முன்னால் நிற்கிறீர்கள். அடையாளம் தெரியவில்லையா, தெரிந்தும் சொல்லவில்லையா? எதுவானாலும் எனக்குக் கோபம்தான். அழுகையும் வருகிறது.

ஒன்று கேட்கிறேன். அந்த டிவியை நிறுத்தச் சொல்லுங்கள். அது உங்கள் பெண்டாட்டியின் கை, கால் மணி நேரம்தான் அப்படி ஓடியது, அப்புறம் இரண்டு நாள் அவளால் தலைகூட வார முடியவில்லை என்று அந்தப் பெண்களிடம் சொல்லுங்கள். அல்மாஸ் மேல் இரக்கப்பட்டுத்தான் இப்படிக் கேட்கிறேன் என்று நினைக்காதீர்கள். டிவி நின்றால் எழுபது வராது. எழுபது வராவிட்டால் என் மெஷின் இங்கே இருக்கும், நிஷாவை மேலே படிக்க வைக்கலாம். உங்கள் வேலை போகும் என்று தெரிந்தேதான் கேட்கிறேன். நீங்கள் மாட்டேன் என்றாலும் உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்று சர்ச்சில் அல்மாஸுக்காகத்தான் முழங்கால் போட்டேன். அவள் கை சீக்கிரம் பழகட்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பழகாமலே போகட்டும் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். அந்தப் பாவம் என்னோடு போகட்டும். நீங்கள் அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள், மாமா. கர்த்தர் உங்களைப் பத்திரமாக வைத்திருப்பாராக.

உங்கள்,
ஜோதி